டைமிங் செயின் போனால் முதலில் டென்ஷனரைப் பாருங்கள்

"செயின் போயிடுச்சு, மாத்தணும்" என்று மெக்கானிக் சொன்னதும் பெரும்பாலானவர்கள் கேட்பது எவ்வளவு ஆகும் என்றுதான். ஏன் போச்சு என்று கேட்பவர்கள் குறைவு. அப்படியே கேட்டாலும் "வண்டி நிறைய ஓடிருச்சு சார்" என்பதோடு பேச்சு முடிந்துவிடும். ஆனால் டைமிங் செயின் காரணமே இல்லாமல் திடீரென்று அறுவது ரொம்ப அபூர்வம். அது அறுவதற்கு முன்னால், பல்சக்கரத்தில் ஒரு பல் தள்ளி உட்காருவதற்கு (இதைத்தான் பல் தாண்டுவது என்பார்கள்) முன்னால், எஞ்சினுக்குள் வேறு ஏதோ ஒன்று கெட்டிருக்கும். அதைக் கண்டுபிடிக்காமல் புதுச் செயினை மட்டும் மாட்டினால் அதுவும் அதே வழியில்தான் போகும், பல நேரம் முதல் செயினைவிடச் சீக்கிரமாகவே போகும்.

அந்தக் "வேறு ஏதோ ஒன்றை" எப்படித் தேடுவது என்பதுதான் இந்தக் கட்டுரை. ஸ்பானரே பிடித்திராதவர்களுக்கும் புரியும்படி எழுதப் பார்க்கிறேன். நீங்களே கழற்றி மாட்டப் போவதில்லை என்றாலும், மெக்கானிக்கிடம் சரியான கேள்வியைக் கேட்க இது உதவும்.

செயின் என்ன செய்கிறது

எஞ்சினின் அடியில் கிராங்க்ஷாஃப்ட் இருக்கிறது. பிஸ்டன்கள் மேலும் கீழும் போவதைச் சுழற்சியாக மாற்றுவது அது. மேலே கேம்ஷாஃப்ட். காற்றை உள்ளே விடும் வால்வையும் புகையை வெளியேற்றும் வால்வையும் திறந்து மூடுவது அதன் வேலை. இந்த இரண்டும் ஒன்றோடொன்று தப்பாமல் சுழல வேண்டும். கிராங்க் இரண்டு சுற்று சுற்றும்போது கேம் சரியாக ஒரு சுற்று. கூடவும் கூடாது, குறையவும் கூடாது. இந்தக் கணக்கைக் காப்பாற்றுவதுதான் டைமிங் செயின்.

கணக்கு தவறினால் என்ன ஆகும் என்பது எஞ்சினைப் பொறுத்தது. இன்றைய கார் எஞ்சின்களில் பெரும்பாலானவற்றில் பிஸ்டன் மேலே வரும் இடமும் வால்வு கீழே இறங்கும் இடமும் ஒன்றுதான், வெவ்வேறு நேரத்தில் வருவதால் மட்டும் இரண்டும் முட்டாமல் இருக்கின்றன. செயின் அறுந்தால் கேம் நின்றுவிடும், கிராங்க் இன்னும் சுற்றிக்கொண்டிருக்கும், திறந்து நிற்கும் வால்வுகளைப் பிஸ்டன் வந்து இடிக்கும். வால்வு வளையும், சில சமயம் பிஸ்டனே உடையும். செயின் அறுந்த வண்டிக்கு எஞ்சினையே மாற்றச் சொல்வதற்கு இதுதான் காரணம், அது எப்போதும் ஏமாற்று வேலை இல்லை.

செயின் தனியாக ஓடுவதில்லை. அது ஆடாமல் இருக்க இரண்டு பக்கமும் கைடுகள் உண்டு, அதன் உரசு பரப்பு பெரும்பாலும் நைலான் வகைப் பிளாஸ்டிக். தளர்வான பக்கத்தில் இருக்கும் கைடை ஒரு டென்ஷனர் தள்ளிக்கொண்டே இருக்கும். டென்ஷனருக்குள் ஒரு ஸ்பிரிங், கைடைத் தள்ளும் பிளஞ்சர் என்ற தண்டு, ஆயில் உள்ளே வர ஒருவழி வால்வு. எஞ்சின் ஓடும்போது ஆயில் பிரஷர்தான் முக்கியமாகப் பிளஞ்சரைத் தள்ளிப் பிடிக்கிறது. எஞ்சின் நின்றிருக்கும்போது பிளஞ்சர் பின்னால் போய்விடாமல் இருக்கப் பல டென்ஷனர்களில் பல் பல்லாக ஒரு ராட்செட் இருக்கும். இதை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் நிறையத் தேவைப்படும்.

இன்னொன்று, வால்வு நேரத்தை ஓட்டத்தின்போதே முன்பின் நகர்த்தும் ஃபேசர் என்ற பாகம் இப்போது பல எஞ்சின்களில் கேமின் ஸ்ப்ராக்கெட்டோடு, அதாவது செயின் ஓடும் பல்சக்கரத்தோடு, சேர்ந்தே வருகிறது. அதுவும் ஆயில் பிரஷரில் ஓடுகிறது. செயின் மேல் விழும் பழியில் கணிசமான பங்கு உண்மையில் இந்த ஃபேசருக்குச் சேர வேண்டியது.

செயின் எப்படி நீளுகிறது

இரும்பு இழுபட்டு ரப்பர் மாதிரி நீளுவதில்லை. சைக்கிள் செயின் பழசானதும் தொங்குமே, அதே சங்கதிதான். ஒவ்வொரு கண்ணியையும் அடுத்த கண்ணியோடு இணைக்கும் பின்களும், அந்தப் பின்கள் சுழலும் துளைகளும் கொஞ்சம் கொஞ்சமாகத் தேய்கின்றன. ஒரு இணைப்பில் தேய்வது 0.04 மில்லிமீட்டர் என்று வையுங்கள், கண்ணுக்கே தெரியாது. ஆனால் அந்தச் செயினில் 150 கண்ணிகள் இருந்தால் மொத்தம் 6 மில்லிமீட்டர் கூடிவிடும். கண்ணிக்குக் கண்ணி 8 மில்லிமீட்டர் இடைவெளி உள்ள செயின் என்றால் முழு நீளம் 1,200 மில்லிமீட்டர், ஆக அரை சதவீதம் நீண்டிருக்கிறது. கேட்கச் சின்ன எண்தான், ஆனால் டைமிங் செயினுக்கு அது பெரிய விஷயம்.

ஏன் என்றால், கேம் ஸ்ப்ராக்கெட்டில் 42 பல், கிராங்கில் 21 பல் உள்ள ஒரு எஞ்சினை எடுத்துக்கொள்வோம். கிராங்குக்கும் கேமுக்கும் நடுவே இறுக்கமாக இழுபடும் பக்கத்தின் நீளம் 400 மில்லிமீட்டர் என்றால், அரை சதவீதத்தில் அது 2 மில்லிமீட்டர் நீளும். அதனால் கேம் பின்தங்கும் அளவு கிராங்க் கணக்கில் 4 டிகிரிக்குக் கொஞ்சம் மேல். அதே எஞ்சினில் செயின் ஒரு பல் தாண்டினால் ஒரே அடியாக 17 டிகிரி விலகும். இந்த இரண்டு எண்களுக்கும் உள்ள வித்தியாசம் கண்டுபிடிப்பதில் ரொம்ப உதவும். மெல்ல மெல்ல 3, 4, 5 டிகிரி என்று விலகியிருந்தால் அது தேய்மானம். நேற்று வரை ஒழுங்காக இருந்து இன்று 17 டிகிரி என்றால் பல் தாண்டியிருக்கிறது அல்லது ஏதோ ஒன்று நழுவியிருக்கிறது. பல் எண்ணிக்கை எஞ்சினுக்கு எஞ்சின் மாறும், ஆனால் 360-ஐ கிராங்க் பல்லின் எண்ணிக்கையால் வகுத்தால் உங்கள் எஞ்சினுக்கான எண் கிடைத்துவிடும்.

எல்லாவற்றுக்கும் நடுவில் இருக்கும் கேள்வி

செயின் தளர்ந்துவிட்டது. சரி. அந்த நேரத்தில் டென்ஷனரின் பிளஞ்சர் எவ்வளவு வெளியே வந்திருந்தது?

இந்த ஒரு கேள்வியில் பாதி வேலை முடிந்துவிடும் என்பது என் கருத்து. பிளஞ்சர் கடைசி வரை வெளியே வந்து, அதற்கு மேல் போக வழியில்லாமல் நிற்கிறது என்றால், டென்ஷனர் தன் வேலையைச் செய்திருக்கிறது. தளர்ச்சி வந்தது தேய்ந்த செயினாலோ, தேய்ந்த கைடாலோ, தேய்ந்த பல்லாலோ. அப்போது தேட வேண்டியது அவை ஏன் தேய்ந்தன என்பதை.

பிளஞ்சர் பாதியில் நிற்கிறது, ஆனாலும் செயின் தொங்குகிறது என்றால் கதையே வேறு. செயின் நன்றாகவே இருக்கலாம். டென்ஷனர் சிக்கியிருக்கிறது, அல்லது ராட்செட் உடைந்திருக்கிறது, அல்லது ஒருவழி வால்வு ஒழுகுகிறது, அல்லது டென்ஷனருக்கு வர வேண்டிய ஆயில் பிரஷரே வரவில்லை. இந்த நிலையில் செயினை மட்டும் மாற்றுவது வீண் செலவு.

எங்கே பார்ப்பது? சில எஞ்சின்களில் டைமிங் கவரில் சின்ன ரப்பர் அடைப்பு ஒன்று இருக்கும், அதைக் கழற்றிக் கேமரா விட்டால் டென்ஷனர் தெரியும், எத்தனை பல் வெளியே வந்திருக்கிறது என்று எண்ணலாம். சிலவற்றில் வெளியிலிருந்தே டென்ஷனரைக் கழற்றிவிடலாம். ஆனால் கழற்றினால் செயின் தளர்ந்து பல் தாண்டிவிடும் வாய்ப்பு உண்டு, எனவே எஞ்சினைப் பூட்டும் கருவி இல்லாமல் கை வைக்காதீர்கள். இரண்டு வசதியும் இல்லாத எஞ்சின் என்றால் கவரைத் திறக்கும் வரை காத்திருக்க வேண்டியதுதான், அதற்கு முன்னால் செய்யக்கூடியது நிறைய இருக்கிறது.

திறப்பதற்கு முன்னால்

முதலில் காது. குளிர்ந்த எஞ்சினை ஸ்டார்ட் செய்ததும் ஓரிரு வினாடி சரசரவென்று சத்தம் வந்து நின்றுவிடுகிறதா, அல்லது நிற்காமல் தொடர்கிறதா? ஓரிரு வினாடி மட்டும் என்றால் இரவெல்லாம் நின்றபோது டென்ஷனரிலிருந்து ஆயில் வடிந்துவிட்டது என்று பொருள். அதற்குக் காரணம் டென்ஷனராகவும் இருக்கலாம், ஆயில் திரும்பி வடியாமல் தடுக்கும் ரப்பர் வால்வு சரியில்லாத மலிவு ஆயில் ஃபில்டராகவும் இருக்கலாம். ஃபில்டரை மாற்றிப் பார்ப்பதற்குப் பெரிய செலவு இல்லை, அதிலேயே சத்தம் போய்விட்டால் அதிர்ஷ்டம். ஸ்டார்ட் செய்ததும் ஒரே ஒரு முறை "டக்" என்று கேட்டால் அது பெரும்பாலும் ஃபேசரின் பூட்டு தேய்ந்த சத்தம். எஞ்சின் சூடாகியும் ஐட்லிங்கில் சத்தம் தொடர்ந்தால், அல்லது ஆக்ஸிலரேட்டரை விடும்போது சரசரத்தால், செயின் ஏற்கெனவே எங்கேயோ அடிபட்டுக்கொண்டிருக்கிறது. விசில் போன்ற கீச்சுச் சத்தம் எஞ்சினின் வேகத்தோடு ஏறி இறங்கினால் செயின் கைடின் பிளாஸ்டிக்கை அறுத்துக்கொண்டு போகிறதா என்று சந்தேகப்படலாம்.

காதை மட்டும் நம்பவும் கூடாது. வெளியே ஓடும் பெல்ட், ஆல்டர்னேட்டர் பேரிங், வாட்டர் பம்ப், தளர்ந்த வெப்பத் தகடு எல்லாமே செயின் மாதிரி சத்தம் போடும். வெளி பெல்ட்டைக் கழற்றிவிட்டு எஞ்சினை அரை நிமிடத்துக்குள் ஓட்டிப் பாருங்கள். சத்தம் நின்றுவிட்டால் செயினுக்குச் சம்பந்தமில்லை. வாட்டர் பம்ப் அந்தப் பெல்ட்டில் ஓடினால் அதற்கு மேல் ஓட்டாதீர்கள். பெல்ட் போட்டிருக்கும்போது நீளமான ஸ்க்ரூடிரைவரைக் கவரில் வைத்துக் காதில் கேட்பது பழைய வழி, இன்றும் வேலை செய்யும், ஆனால் சட்டைக் கையும் தலைமுடியும் பெல்ட் பக்கம் போகாமல் பார்த்துக்கொள்ளுங்கள். ஒரு விஷயம், செயின் எப்போதும் எஞ்சினின் முன்பக்கம் இருக்கும் என்று எண்ண வேண்டாம். பிஎம்டபிள்யூவின் என்47 டீசல் எஞ்சினில் அது கியர்பாக்ஸ் பக்கம் இருக்கிறது, அதனால்தான் அந்த எஞ்சினின் செயின் பிரச்சினை அவ்வளவு பேர் வாங்கியது, செயினைத் தொடவே எஞ்சினையோ கியர்பாக்ஸையோ இறக்க வேண்டும்.

அடுத்து டிப்ஸ்டிக். சிரிக்காதீர்கள், இதைப் பார்க்காமலே டைமிங் கவரைத் திறப்பவர்கள் உண்டு. அளவு குறைவாக இருக்கிறதா, பெட்ரோல் வாடை வருகிறதா, மூடியின் அடியில் கறுப்புக் களிம்பு படிந்திருக்கிறதா? கடைசியாக எப்போது ஆயில் மாற்றினார்கள், எந்த கிரேடு? ஆயிலை வடித்து, பழைய ஃபில்டரை வெட்டித் திறந்து உள்ளிருக்கும் காகிதத்தை விரித்துப் பாருங்கள். காந்தத்தில் ஒட்டும் மினுமினுப்பு என்றால் இரும்பு தேய்கிறது. கறுப்பாகவோ பழுப்பாகவோ பிளாஸ்டிக் துணுக்கு கிடைத்தால் கைடு உடைந்துகொண்டிருக்கிறது, அதற்குப் பிறகு வண்டியை ஓட்டாமல் இருப்பதே நல்லது.

ஸ்கேனர் சொல்வதும் சொல்லாததும்

எஞ்சின் லைட் எரிந்து, ஸ்கேனரில் பி0016 என்று வந்தால் உடனே "செயின்" என்று முடிவு கட்டிவிடுகிறார்கள். அந்தக் குறியீடு சொல்வது ஒன்றே ஒன்று: கிராங்க் சென்சாரும் கேம் சென்சாரும் சொல்லும் நிலைகள் ஒத்துப்போகவில்லை. செயின் நீண்டாலும் அப்படித்தான் வரும், ஃபேசர் சிக்கினாலும் வரும், ஃபேசருக்கு ஆயிலைத் திருப்பும் சோலனாய்டு என்ற மின்வால்வின் வடிகட்டி அடைத்தாலும் வரும், சென்சார் வயர் கெட்டாலும் வரும், கிராங்க் ஸ்ப்ராக்கெட் நழுவினாலும் வரும்.

எந்தெந்தக் குறியீடுகள் சேர்ந்து வருகின்றன என்று பார்ப்பதில்தான் விஷயம் இருக்கிறது. V வடிவில் பக்கத்துக்கு மூன்றாக ஆறு சிலிண்டர் உள்ள வி6 எஞ்சின் ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள், நான்கு கேம்கள், பி0016-இலிருந்து பி0019 வரை ஒவ்வொரு கேமுக்கும் ஒரு குறியீடு. கிராங்கிலிருந்து ஒரு முதன்மைச் செயின், அதிலிருந்து பக்கத்துக்கு ஒரு துணைச் செயின் என்ற அமைப்பு. நான்கு கேமும் ஒரே அளவில் பின்தங்கியிருந்தால் நான்குக்கும் பொதுவானது முதன்மைச் செயினும் கிராங்க் ஸ்ப்ராக்கெட்டும்தான். ஒரு பக்கத்து இரண்டு கேம் மட்டும் விலகியிருந்தால் அந்தப் பக்கத்துத் துணைச் செயின் அல்லது அதன் டென்ஷனர். ஒரே ஒரு கேம் மட்டும் விலகியிருந்தால் செயினை மறந்துவிட்டு அந்தக் கேமின் ஃபேசர், சோலனாய்டு, சென்சார் ஆகியவற்றைப் பாருங்கள். குறியீடு வராவிட்டாலும் ஸ்கேனரின் நேரலைத் தரவில் கேம் எத்தனை டிகிரி விலகியிருக்கிறது என்பதைப் பல கார்களில் படிக்கலாம். எஞ்சின் சூடான பிறகு, ஐட்லிங்கில், ஃபேசர் தன் பூட்டிய நிலையில் இருக்கும்போது படிக்க வேண்டும், இல்லாவிட்டால் ஃபேசர் நகர்த்திய டிகிரியைச் செயினின் கணக்கில் எழுதிவிடுவீர்கள். அனுமதிக்கப்பட்ட அளவு எவ்வளவு என்பதை அந்த எஞ்சினின் பணிமனைக் கையேட்டில்தான் பார்க்க வேண்டும்.

சென்சாரின் மின்சமிக்ஞையை அலையாகக் காட்டும் ஆசிலோஸ்கோப் இருக்கும் இடத்தில் வேலை இன்னும் சுத்தமாக முடியும். கிராங்க், கேம் சென்சார் அலைகளை ஒன்றன்மேல் ஒன்றாகப் போட்டு, நல்ல நிலையில் உள்ள அதே வகை எஞ்சினின் அலையோடு ஒப்பிட்டால் விலகல் கண்ணுக்கே தெரியும்.

சிலிண்டருக்குள் எவ்வளவு அழுத்தம் சேர்கிறது என்று அளக்கும் கம்ப்ரஷன் சோதனையும் பேசும். எல்லா சிலிண்டரிலும் ஒரே மாதிரி குறைந்திருந்தால், உள்ளிழுக்கும் வால்வு தாமதமாக மூடுகிறது, அதாவது கேம் பின்தங்கியிருக்கிறது. ஒன்றிரண்டில் மட்டும் சுத்தமாக இல்லை என்றால் அங்கே வால்வு வளைந்திருக்கலாம். செயின் அறுந்ததாகவோ பல் தாண்டியதாகவோ சந்தேகம் இருக்கும்போது ஸ்டார்ட்டரைத் திருப்பித் திருப்பி முயற்சி செய்யாதீர்கள், தப்பிப் பிழைத்த வால்வும் போகும். அப்போது கையால் மெதுவாகச் சுற்றிப் பார்ப்பது, பிளக் துளை வழியாகக் கேமரா விடுவது, இவைதான் வழி. கையால் சுற்றும்போதும் எஞ்சின் ஓடும் திசையிலேயே சுற்றுங்கள். எதிர்த்திசையில் சுற்றினால் இறுக்கமான பக்கம் தளர்ந்து, பலவீனமான டென்ஷனர் கைவிட்டு, இல்லாத பிரச்சினையை நீங்களே உண்டாக்கிவிடலாம்.

ஆயில் ஏன் எப்போதும் சந்தேகப் பட்டியலில் இருக்கிறது

செயினின் பின்களுக்கு நடுவே இருக்கும் ஆயில் படலம் மிக மெல்லியது. ஆயிலில் கரி சேர்ந்தால் அந்தத் துகள்கள் பின்னையும் துளையையும் சாணை பிடிப்பதுபோல் உரசும். டீசலில் கரி வருவது தெரிந்ததே. சிலிண்டருக்குள்ளேயே நேரடியாகப் பெட்ரோல் பீய்ச்சும் எஞ்சின்களிலும் கரி வரும் என்பது பலருக்குத் தெரியாது. குறைந்த தூரமே ஓடி எஞ்சின் முழுதாகச் சூடாகாமலே நிற்கும் வண்டிகளில் எரியாத பெட்ரோலும் ஆயிலில் கலந்து அதை நீர்க்கச் செய்யும். இந்தச் சிக்கல் எவ்வளவு பொதுவானது என்றால், 2020 மே மாதம் வந்த ஏபிஐ எஸ்பி (API SP) என்ற ஆயில் தரத்தில் டைமிங் செயின் தேய்மானத்துக்கென்றே ஒரு எஞ்சின் சோதனையைச் சேர்த்தார்கள். நேரடிப் பீய்ச்சல் பெட்ரோல் எஞ்சின் வைத்திருப்பவர்கள் ஆயில் டப்பாவில் அந்த எழுத்து இருக்கிறதா என்று பார்ப்பது நல்லது, கையேடு வேறு தரத்தைக் கேட்டால் கையேட்டின் பேச்சுதான் செல்லும்.

ஜெனரல் மோட்டார்ஸின் 3.6 லிட்டர் வி6 எஞ்சின் இதற்கு நல்ல சாட்சி. அதில் செயின் சீக்கிரம் தேய்வதாகப் புகார்கள் வந்தபோது அந்த நிறுவனம் செய்தவற்றில் ஒன்று, ஆயில் மாற்றச் சொல்லும் மென்பொருளைத் திருத்தி முன்பைவிடக் குறைந்த இடைவெளியில் எச்சரிக்கை வரவைத்தது. இவ்வளவு தூரம் ஆயிலை நீட்டலாம் என்று காரே சொல்லி, அதை நம்பி ஓட்டியவர்களின் செயின் தேய்ந்தது என்பதுதான் இதன் உள்ளர்த்தம். டைமிங் செயின் வண்டியின் ஆயுள் முழுக்க வரும் என்ற விளம்பரப் பேச்சை நான் நம்புவதில்லை. ஆயில் நன்றாக இருக்கும்வரை வரும், அவ்வளவுதான்.

அதற்காக எல்லாவற்றுக்கும் ஆயில்தான் காரணம் என்று வாடிக்கையாளர் தலையில் கட்டுவதும் சரியில்லை. வடிவமைப்பிலேயே கோளாறு உள்ள எஞ்சின்கள் உண்டு. ஃபோக்ஸ்வாகன் குழுமத்தின் ஈஏ888 எஞ்சினில் பழைய வகை டென்ஷனர் கைவிட்டதால் பல் தாண்டியது, பிறகு டென்ஷனரின் வடிவத்தையே மாற்றினார்கள். மெர்சிடிஸ் எம்272 வி6 எஞ்சினின் ஆரம்பத் தயாரிப்புகளில் செயின் சும்மா இருக்க, அது ஓடும், எஞ்சினின் அதிர்வைக் குறைக்கும் பேலன்ஸ் ஷாஃப்டின் பல்சக்கரம் தேய்ந்து டைமிங் விலகியது. அங்கே புதுச் செயின் வாங்கி மாட்டி என்ன பயன்? எனவே கையை வைக்கும் முன் உங்கள் எஞ்சினின் குறியீட்டு எண்ணை வைத்து, தயாரிப்பாளர் வெளியிட்ட சர்வீஸ் அறிவிப்பு ஏதாவது இருக்கிறதா என்று தேடுங்கள்.

ஆயில் நல்லதாக இருந்தும் பிரஷர் இல்லாமல் போகலாம். பிரஷர் சுவிட்சைக் கழற்றி அந்த இடத்தில் கேஜ் மாட்டி, எஞ்சின் சூடான நிலையில் அளப்பது ரொம்ப நேரம் பிடிக்காத வேலை, ஆனால் இதைச் செய்யாமலே டென்ஷனரைக் குறை சொல்வது வழக்கமாக இருக்கிறது.

கவரைத் திறந்த பிறகு

இப்போது பாகங்கள் கண்ணுக்கு முன்னால். எதையும் கழுவாதீர்கள், படம் எடுங்கள். டென்ஷனர் எவ்வளவு நீண்டிருக்கிறது என்பதைக் கழற்றுவதற்கு முன்பே அளந்துவிடுங்கள், கழற்றிய பிறகு அந்தச் சாட்சி போய்விடும்.

கைடின் மேல் செயின் ஓடிய தடம் எல்லா இடத்திலும் ஒரே ஆழமாக இருந்தால் அது நாள்பட்ட தேய்மானம். ஒரு முனையில் மட்டும் அடிபட்டு, போல்ட் துளைக்கருகில் உடைந்திருந்தால் தளர்ந்த செயின் சாட்டையடி அடித்திருக்கிறது, அதாவது கைடு உடைந்ததால் செயின் தளரவில்லை, முன்பே தளர்ந்த செயின்தான் கைடை உடைத்தது. பிளாஸ்டிக் கறுத்து, கையால் வளைத்தாலே முறிகிறது என்றால் சூட்டிலும் பழைய ஆயிலிலும் கிடந்து நொறுங்கும் பதத்துக்கு வந்துவிட்டது.

ஸ்ப்ராக்கெட் பற்கள் கொக்கி போல் ஒரு பக்கம் சாய்ந்திருந்தால் நீண்ட செயினோடு ரொம்ப நாள் ஓடியிருக்கிறது. ஒரே ஒரு பல் மட்டும் சில்லு பெயர்ந்திருந்தால் எதுவோ நடுவில் மாட்டியிருக்கிறது, உடைந்த கைடின் துண்டாகவோ யாரோ விட்டுவிட்ட போல்ட்டாகவோ இருக்கலாம். பின்கள் நீலம் பாய்ந்திருந்தால் ஆயில் கிடைக்காமல் காய்ந்து ஓடியிருக்கிறது, செயினுக்கு ஆயில் பீய்ச்சும் சின்னத் துளை அடைத்திருக்கிறதா என்று பாருங்கள். அறுந்த கண்ணியின் முகமும் ஒரு தடயம்தான். அலை அலையாக வரிகள் தெரிந்தால் விரிசல் நாளடைவில் வளர்ந்து அறுந்திருக்கிறது, தகடு இழுபட்டு மெலிந்து பிய்ந்திருந்தால் ஒரே நேரத்தில் பெரிய பாரம் விழுந்திருக்கிறது, எஞ்சினுக்குள் ஏதோ இறுகிப் பிடித்துக்கொண்டதா என்று தேட வேண்டும்.

செயின், கைடு, பல் எல்லாம் நன்றாக இருந்தும் ஸ்ப்ராக்கெட்டுகளில் இருக்கும் டைமிங் குறிகள் பொருந்தவில்லையா? சில எஞ்சின்களில் கிராங்க் ஸ்ப்ராக்கெட்டை நழுவாமல் பிடிக்கும் சாவி (சின்ன உலோகக் கட்டை) கிடையாது, நடுப் போல்ட்டின் இறுக்கமே அதைப் பிடித்து வைத்திருக்கிறது. முன்பு எப்போதோ ஆயில் சீல் மாற்றியவர் அந்தப் போல்ட்டைச் சரியாக இறுக்காமல் விட்டிருந்தாலோ, ஒருமுறை மட்டும் பயன்படுத்த வேண்டிய போல்ட்டை மறுபடி போட்டிருந்தாலோ ஸ்ப்ராக்கெட் நழுவும். அதனால்தான் வண்டியின் பழைய வேலைகளின் வரலாறு முக்கியம். செயின் மாற்றிக் கொஞ்ச நாளிலேயே மறுபடி போன வண்டி என்றால் முதல் சந்தேகம் மாட்டிய விதத்தின் மேல்தான் வரும்: மாட்டும்வரை பிளஞ்சரை உள்ளே பிடித்து வைக்கும் டென்ஷனரின் பூட்டு ஊசியை எடுக்க மறந்தார்களா, பழைய கைடையே விட்டார்களா, தேய்ந்த பல்லில் புதுச் செயினை ஓட்டினார்களா.

மேட்டில் நிறுத்தும்போது ஹேண்ட்பிரேக் போடாமல் கியரில் மட்டும் விட்டு வைப்பதும், ஏற்கெனவே பலவீனமான டென்ஷனர் உள்ள எஞ்சினில் பல் தாண்டக் காரணமாகலாம், வண்டி பின்னால் நகர முயலும்போது எஞ்சின் எதிர்த்திசையில் அழுத்தப்படுகிறது. நல்ல டென்ஷனர் இதைத் தாங்கும், எனவே இதை மூல காரணம் என்று சொல்வதைவிடக் கடைசித் தள்ளு என்று சொல்லலாம்.

மாட்டும்போது

செயின், கைடுகள், டென்ஷனர், ஸ்ப்ராக்கெட்டுகள், கையேடு சொல்லும் புது போல்ட்டுகள் எல்லாம் ஒரே செட்டாக மாறட்டும். எஞ்சினின் அடியில் ஆயில் தங்கும் தொட்டியான சம்பை இறக்கி, ஆயில் உறிஞ்சும் குழாயின் வலையைச் சுத்தம் செய்யாமல் மூடாதீர்கள். உடைந்த கைடின் துணுக்குகள் அங்கேதான் போய் உட்காரும், வலை அடைத்தால் பிரஷர் குறையும், பிரஷர் குறைந்தால் புது டென்ஷனரும் தளரும், பழையபடி முதல் பக்கத்துக்கே வந்துவிடுவோம். இரண்டாவது முறை செயின் போன கதைகளில் இது அடிக்கடி வரும்.

நிறம் பூசிய கண்ணிகளைக் குறிகளோடு பொருத்தி மாட்டிய பிறகு, கையால் கிராங்கை இரண்டு முழுச் சுற்று சுற்றி ஸ்ப்ராக்கெட் குறிகளை மறுபடி பாருங்கள். அப்போது நிறக் கண்ணிகள் வேறு எங்கேயோ நிற்கும், பயப்பட வேண்டாம், அவை மறுபடி குறியோடு சேரப் பல சுற்றுகள் பிடிக்கும். பார்க்க வேண்டியது கிராங்க், கேம் குறிகளை மட்டும்.

ஸ்டார்ட் செய்து சூடானதும் ஸ்கேனரில் கேம் விலகல் எத்தனை டிகிரி என்று படித்து, தேதியும் கிலோமீட்டரும் சேர்த்து எழுதி வைத்துக்கொள்ளுங்கள். முதல் ஆயில் மாற்றத்தைக் கொஞ்சம் முன்கூட்டியே செய்து, அந்த ஃபில்டரையும் வெட்டிப் பார்த்து, அதே எண்ணை மறுபடி படியுங்கள். இரண்டு எண்ணும் ஒன்றாகவே இருந்து ஃபில்டரில் துணுக்கு எதுவும் இல்லை என்றால் காரணத்தைச் சரியாகப் பிடித்திருக்கிறீர்கள். எண் நகர்ந்திருந்தால் மறுபடி ஆயில் பிரஷர் கேஜிலிருந்து ஆரம்பியுங்கள்.